பகடையும் அவையும்: கிரிப்டோ சூதாட்டத் தளங்களில் எது பாதுகாப்பு, எது சட்டம்?

மகாபாரதச் சூதாட்டத்தைச் சொல்லும்போது நாம் சகுனியின் பகடையோடு நின்றுவிடுகிறோம். கள்ளப் பகடை உருண்டது, தருமன் தோற்றான் என்று கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கதையின் பெரும் துயரம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி கேட்டாள். பீஷ்மர் உட்பட அங்கிருந்த பெரியவர்கள் பெரும்பாலோரால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பகடை ஒழுங்காக இருந்திருந்தாலும் முறையிட ஓர் அவை இல்லாத இடத்தில் தோற்றவருக்குக் கதியில்லை.

பிட்காயின், டாலர் மதிப்பைப் பின்பற்றும் யூஎஸ்டிடி போன்ற கிரிப்டோ நாணயங்களை வைத்து ஆடும் இணையக் கேசினோக்களை ஆராயும்போது இந்தக் காட்சி திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. இத்தளங்கள் பகடையைத் திருத்தியிருக்கின்றன. கணிதத்தைக் கொண்டு உண்மையாகவே திருத்தியிருக்கின்றன. அவையை மட்டும் இன்னும் அமைக்கவில்லை. "பாதுகாப்பாகவும் சட்டப்படியும் ஆடுவது எப்படி?" என்று கேட்பவர் உண்மையில் மூன்று கேள்விகளைக் கேட்கிறார். ஆட்டம் நேர்மையானதா? கட்டிய பணம் பத்திரமாக இருக்குமா? தகராறு வந்தால் யார் தீர்த்துவைப்பார்? முதல் கேள்விக்கு உள்ள நல்ல விடையைக் காட்டி மற்ற இரண்டையும் மறக்கடிப்பதில்தான் இத்தொழிலின் விளம்பரம் நிற்கிறது. ஆகவே மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

கணிதம் திருத்திய பகடை

2012 ஏப்ரலில் எரிக் வூர்ஹீஸ் என்ற அமெரிக்கர் 'சடோஷி டைஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார். அதில் கணக்குத் திறக்க வேண்டியதில்லை, பெயரும் கொடுக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட முகவரிக்குப் பிட்காயின் அனுப்பினால் வெற்றி தோல்வி முடிவாகி, வென்ற தொகை அனுப்பியவருக்கே திரும்பி வரும். அந்நாளில் பிட்காயின் வலைப்பின்னலில் நடந்த பரிமாற்றங்களில் மிகப் பெரிய பங்கு இந்த ஒரே தளத்துடையது. 2013 ஜூலையில் அது 1,26,315 பிட்காயினுக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனத்தின் பங்குகளைப் பதிவு செய்யாமல் பொதுமக்களுக்கு விற்றதற்காக 2014இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வூர்ஹீஸ் மீது நடவடிக்கை எடுத்தது. அவர் அபராதத் தொகை கட்டி முடித்துக்கொண்டார்.

இத்தகைய தளங்கள் பரப்பிய முறை இன்று 'நிரூபிக்கத்தக்க நேர்மை' என்று அழைக்கப்படுகிறது. அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் விலையை எழுதி, உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து மேசைமேல் வைப்பதை நினைத்துக்கொண்டால் இதைப் புரிந்துகொள்ளலாம். தளம் முதலில் ஓர் இரகசியக் கோவையைத் தேர்ந்தெடுக்கிறது. எஸ்எச்ஏ-256 என்ற கணிதச் சூத்திரத்தில் அதை இட்டால் 64 எழுத்துகள் கொண்ட வேறொரு கோவை வரும். இதற்கு 'ஹாஷ்' என்று பெயர். ஆட்டம் தொடங்கும் முன்பே தளம் இந்த ஹாஷை ஆடுபவரிடம் காட்டிவிடுகிறது. ஹாஷைக் கொண்டு மூலக் கோவையைக் கண்டுபிடிக்க முடியாது. மூலத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் முழுவதுமாக மாறிவிடும். ஆடுபவரும் தம் பங்குக்கு ஒரு சொல்லைத் தருகிறார். இரகசியக் கோவை, ஆடுபவரின் சொல், சுற்றின் வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. பின்னர் தளம் இரகசியத்தை வெளியிட்டதும், முன்பு காட்டிய ஹாஷோடு அது பொருந்துகிறதா என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆடுபவர் எவ்வளவு பந்தயம் வைத்தார் என்று பார்த்துவிட்டு முடிவை மாற்றத் தளத்துக்கு வழியே இல்லை.

இது நல்ல கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் எல்லையையும் அறிய வேண்டும். பகடை போன்று தளமே உருவாக்கிய எளிய ஆட்டங்களில்தான் இம்முறை பெரும்பாலும் இருக்கிறது. வெளி நிறுவனங்களிடம் வாங்கிப் போடும் ஸ்லாட் ஆட்டங்களுக்கும், காமிரா முன் சீட்டுப் போடும் நேரலை மேசைகளுக்கும் பொதுவாக இது கிடையாது. இருக்கும் இடத்திலும் ஆடுபவர் சரிபார்த்தால்தான் பயன். முத்திரையைப் பார்த்துவிட்டு உறையைத் திறந்தே பார்க்காதவருக்கு முத்திரையால் லாபம் ஒன்றுமில்லை.

நேர்மையாகவே வரும் நட்டம்

பகடை நேர்மையாக உருள்வதால் ஆடுபவருக்கு நட்டம் வராது என்று பொருளில்லை. பகடை ஆட்டம் ஒன்றில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 49.5 என்றும், வென்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 99 ரூபாய் திரும்பும். ஒரு ரூபாய் தளத்துக்கு. பார்ப்பதற்கு மிகச் சிறிய பங்கு.

ஆனால் அந்த ஒரு சதவீதம் கையிலிருக்கும் பணத்துக்குக் கணக்கிடப்படுவதில்லை. புரளும் மொத்தப் பணத்துக்குக் கணக்கிடப்படுகிறது. ஒருவர் கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. சுற்றுக்கு 100 ரூபாய் வீதம், தானியங்கி முறையில் 1,000 சுற்றுகள் ஓடவிடுகிறார். கணினிக்கு இது சிறிது நேர வேலை. புரண்ட பணம் ஒரு லட்சம். எதிர்பார்க்க வேண்டிய நட்டம் 1,000 ரூபாய். தளத்தின் பங்கு நான்கு சதவீதமாக உள்ள ஸ்லாட் ஆட்டத்தில் இதே அளவு ஆடினால் நட்டம் 4,000 ரூபாய். சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடும் மேசையில் மனிதக் கையின் வேகம் ஒரு தடையாக இருந்தது. இங்கே அந்தத் தடையும் இல்லை.

தோற்றால் இரட்டிப்பாக்கு என்ற பழைய உத்தியைப் பலர் நம்புகிறார்கள். 1 ரூபாயில் தொடங்கி, தோற்கும் ஒவ்வொரு முறையும் 2, 4, 8 என்று ஏற்றிக்கொண்டே போனால் என்றாவது வென்று ஒரு ரூபாய் லாபத்தோடு வெளியேறலாம் என்பது கணக்கு. தொடர்ந்து பத்து முறை தோற்றால் போன தொகை 1,023 ரூபாய். மேற்சொன்ன ஆட்டத்தில் பத்துத் தொடர் தோல்வி ஏறக்குறைய 927 முயற்சிகளுக்கு ஒரு முறை நேரும். பத்து முறைக்கு மேல் ஏற்றக் கையில் பணமில்லாதவருக்கு 926 முறை ஒவ்வொரு ரூபாயாகச் சேர்ந்த லாபம் 926. ஒரே முறையில் இழப்பது 1,023. உத்தி நட்டத்தைக் குறைப்பதில்லை. பல நாள் மகிழ்ச்சிக்குப் பின்னால் அதை ஒளித்துவைக்கிறது.

தளங்கள் தரும் போனஸையும் இதே தராசில் நிறுக்கலாம். 100 டாலர் போனஸ், அதை 40 மடங்கு ஆடிய பிறகே எடுக்க முடியும் என்று நிபந்தனை இருந்தால் 4,000 டாலர் புரள வேண்டும். நான்கு சதவீத ஆட்டத்தில் அதற்கான சராசரி நட்டம் 160 டாலர். கிடைத்த பரிசைவிட அதை எடுக்கும் செலவு பெரிது.

கட்டிய பணம் யார் கையில்?

ஆட்டத்தின் நேர்மையை நிரூபிக்கும் கணிதம், கட்டிய பணத்தைத் தளம் திருப்பித் தருமா என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. தளத்தின் முகவரிக்கு நாணயத்தை அனுப்பிய கணமே அது ஆடுபவரின் உடைமையாக இருப்பது நின்றுவிடுகிறது. திரையில் தெரியும் இருப்புத் தொகை, தளம் தர வேண்டிய கடனைக் குறிக்கும் ஓர் எண். இந்திய வங்கியில் இருக்கும் வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இந்தக் கடனுக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. கடன் அட்டையில் தவறாகப் பணம் போனால் வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெற முயலலாம். கிரிப்டோ பரிமாற்றம் பதிவாகி உறுதியானால் திரும்ப அழைக்க முடியாது. யூஎஸ்டிடியை ஒரு வலைப்பின்னலில் அனுப்ப வேண்டிய இடத்தில் வேறொன்றில் அனுப்பினாலே பணம் எங்கோ சிக்கி நிற்கக்கூடும்.

இத்துறையின் மிகப் பெரிய பெயர் 'ஸ்டேக்'. 2017இல் தொடங்கிய தளம் அது. 2023 செப்டம்பர் 4 அன்று அதன் வாலட்டுகள் எனும் மின்பணப்பைகளிலிருந்து சுமார் 4.1 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. வட கொரியாவின் 'லாசரஸ்' குழுவே இதைச் செய்ததாக அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ சில நாள்களில் அறிவித்தது. ஸ்டேக் பெரிய நிறுவனம் என்பதால் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்து நடந்தது. அதே அடி ஒரு சிறு தளத்தின் மேல் விழுந்திருந்தால் ஆடியவர்களின் பணமும் சேர்ந்தே போயிருக்கும்.

பணத்தை எடுக்கும் வாசலில் வரும் சிக்கல் இதைவிடப் பொதுவானது. கட்டும்போது பல தளங்கள் அடையாளச் சான்று கேட்பதில்லை. வென்ற தொகையை எடுக்கப் போகும்போது கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பைக் கேட்கின்றன. தங்கள் நாட்டில் தடை இருப்பதால் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு வேறு நாட்டவர் போல் நுழைந்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தடையுள்ள நாட்டிலிருந்து ஆடினால் தொகையை நிறுத்திவைக்கத் தளத்துக்கு உரிமை உண்டு என்று விதிமுறையில் எழுதியிருக்கும். அதற்கு ஒப்புக்கொண்டுதான் ஆடுபவர் பொத்தானை அழுத்தியிருப்பார். இணையத்தில் விபிஎன்னைப் பாதுகாப்புக் கவசமாகப் பரிந்துரைப்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

எடுத்த நாணயத்தை ரூபாயாக்கும் இடத்திலும் ஆபத்து இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு யூஎஸ்டிடியை விற்று, அவர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பெறும் 'பீ2பீ' முறையில், வரும் பணம் வேறு யாரையோ ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் சைபர் குற்றப் பிரிவு பணம் போன வழியெங்கும் கணக்குகளை முடக்கும். குற்றம் செய்யாதவரும் கணக்கை மீட்கக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் மாதக்கணக்கில் அலைய நேர்கிறது.

போலித் தளங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியாவாடி போன்ற மியன்மார் ஊர்களிலும் கம்போடியாவிலும் மோசடி முகாம்கள் இயங்குகின்றன. ஆன்லைன் கேசினோத் தொழிலும் நிலத்தடிப் பணப் பரிமாற்றமும் இவற்றோடு பின்னிக் கிடப்பதை ஐநாவின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்தது. இதில் யூஎஸ்டிடிக்கு உள்ள பங்கையும் அது குறிப்பிட்டது. கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்களும் அந்த முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2022இல் அவர்களில் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அழகான முகப்பும் 'உடனடிப் பணம்' என்ற வாக்குறுதியும் கொண்ட ஒரு தளத்தின் மறுமுனையில் அடைபட்ட ஒருவர் அடிவாங்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருக்கலாம்.

தீவு கொடுத்த உரிமம்

தளங்களின் அடிப்பகுதியில் உரிம முத்திரை ஒன்று இருக்கும். நெடுங்காலமாக அதில் அதிகம் காணப்பட்ட பெயர் குராசோ. கரீபியன் கடலில், நெதர்லாந்து முடியாட்சியின் கீழ்த் தன்னாட்சி பெற்ற, சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் வாழும் தீவு அது. அங்கே 1993இல் வந்த சட்டத்தின் அடிப்படையில் நான்கு நிறுவனங்கள் மூல உரிமம் வைத்திருந்தன. அவை எண்ணற்ற தளங்களுக்கு உள்குத்தகை போலத் துணை உரிமம் வழங்கின. துணை உரிமம் பெற்ற தளத்தின் மேல் ஆடியவர் புகார் சொன்னால் அரசு நேரடியாக விசாரிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

நெதர்லாந்தின் அழுத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2024 டிசம்பரில் குராசோ நாடாளுமன்றம் புதிய சூதாட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. துணை உரிமங்கள் ஒழிந்து, குராசோ சூதாட்ட ஆணையமே நேரடியாக உரிமம் தரும் முறை வந்தது. இது முன்னேற்றம்தான். ஆயினும் ஒரு நாடு கதவை இறுக்கினால் தளங்கள் அடுத்த கதவைத் தட்டுகின்றன. 2024 நவம்பரில், பணம் கிடைக்காத ஆட்டக்காரர்களுக்காக வாதாடும் ஓர் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், 'பிசி.கேம்' தளத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள் திவாலானவை என்று குராசோ நீதிமன்றம் அறிவித்தது. நிறுவனத் தரப்பு அதை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. அதன் பின்னர் அத்தளம் இந்தியப் பெருங்கடலில் கொமொரோஸ் ஒன்றியத்தைச் சேர்ந்த அஞ்சுவான் தீவின் உரிமத்துக்கு மாறிக்கொண்டது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒருவர் சில ஆயிரம் ரூபாய்க்காக அந்தத் தீவுகளில் வழக்கறிஞர் வைத்து வழக்காடுவது நடக்கக்கூடியதா? அவை இல்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆடுபவர் நிற்கும் மண்ணின் சட்டம்

தளத்துக்கு உரிமம் இருப்பதும், ஆடுபவருக்கு ஆட உரிமை இருப்பதும் வெவ்வேறு செய்திகள். குராசோவின் உரிமம் குராசோவின் சட்டத்தைத்தான் நிறைவு செய்கிறது. ஆடுபவரைக் கட்டுப்படுத்துவது அவர் இருக்கும் மண்ணின் சட்டம். ஸ்டேக் தளத்தை நிறுவியவர்களின் நிறுவனம் மெல்போர்னில் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் இணையக் கேசினோவைத் தடுப்பதால் ஆஸ்திரேலியருக்கு அந்தத் தளத்தில் இடமில்லை. அங்கே அனுமதியுள்ள இணையப் பந்தயங்களுக்கும் 2024 ஜூன் 11 முதல் கடன் அட்டையையும் டிஜிட்டல் நாணயத்தையும் பயன்படுத்தக் கூடாது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெறாத வெளிநாட்டுத் தளத்தில் ஆடுபவருக்கே 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. பணம் வைத்து வாய்ப்பு விளையாட்டு ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. வாய்ப்பு விளையாட்டுகள் மீதான தடையில் கை வைக்கவில்லை. கேசினோவின் பகடை, ரூலெட், ஸ்லாட் எல்லாம் வாய்ப்பு விளையாட்டுகளே.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை என்றும் வாய்ப்பு என்றும் பிரிக்காமல் பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து நடத்தி இந்தியாவில் கிடைக்கும் தளங்களும் இதில் அடங்கும். பணத்துக்கு ஈடாகக் கருதப்படும் நாணயம், டோக்கன் போன்றவையும் பணயமே என்று சட்டம் விளக்கம் தருவதால் "ரூபாய் கட்டவில்லை, கிரிப்டோதான் கட்டினேன்" என்ற வாதம் நிற்காது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ, விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவரும் தண்டனைக்குரியவரே. ஆடுபவரை இச்சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் தண்டனை இல்லை என்பதால் உரிமை வந்துவிடாது. தடை செய்யப்பட்ட ஆட்டத்தில் போன பணத்தை வாங்கித் தாருங்கள் என்று எந்த நீதிமன்றத்திலும் உறுதியோடு கேட்க முடியாது.

வரிச் சட்டம் இன்னொரு கண்ணால் பார்க்கிறது. இணைய விளையாட்டில் வென்ற நிகரத் தொகைக்கு 30 சதவீத வரி. கிரிப்டோவை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கும் 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. 2022 ஜூலை முதல் பரிமாற்றத்தின்போதே ஒரு சதவீத வரி (டிடிஎஸ்) பிடிக்கப்படுகிறது.

அனுமதியுள்ள நாட்டில் இருப்பவருக்கு

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழும் தமிழர் ஒருவர் ஆடத்தான் விரும்புகிறார் என்றால், அவர் பார்க்க வேண்டியவை உண்டு. முத்திரைப் படத்தை நம்பாமல், உரிம எண்ணை அந்த நாட்டுச் சூதாட்ட ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, நிறுவனப் பெயரும் தள முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடையாளச் சரிபார்ப்பைப் பணம் கட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். சிறு தொகை கட்டி, அதை எடுத்துப் பார்த்த பிறகே மேற்கொண்டு நடக்க வேண்டும். சேமிப்பு இருக்கும் வாலட்டைத் தளத்தோடு இணைக்கவே கூடாது. அதன் 12 அல்லது 24 சொல் மீட்புத் தொடரை எவர் கேட்டாலும் தரக் கூடாது. போனஸ் நிபந்தனையைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் உள்ள 'கேம்ஸ்டாப்' போன்ற ஏற்பாட்டில் ஒரு முறை பதிந்தால் அந்நாட்டு உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் நம்மை வெளியே நிறுத்தும். பெயரில்லாத கிரிப்டோ தளங்களில் இப்படி ஒரே பூட்டில் எல்லாக் கதவையும் அடைக்க வழியில்லை. தன்னைத் தடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு இதுவே மிகப் பெரிய இழப்பு.

இந்தியாவில் இருப்பவருக்கு இந்தப் பட்டியலால் பயனில்லை. இங்கே கிரிப்டோ கேசினோவில் சட்டப்படி ஆடும் வழி கிடையாது. சட்டத்துக்கு வெளியே பாதுகாப்பாக ஆடும் வழியும் கிடையாது. நேர்மையான பகடை என்ற உண்மையைச் சொல்லி அழைக்கும் நண்பரிடமும் விளம்பரத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பணம் வராவிட்டால் யாரிடம் போவது? அதற்கு ஓர் அலுவலகத்தின் பெயரும், அங்கே தீர்ப்புச் சொல்ல அதிகாரமுள்ள ஒருவரும் விடையாகக் கிடைக்காதவரை கை நீட்ட வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரம் முக்கியமானது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.